நாலு வளையத்து மோதிரம்

கல்யாணத்துக்கு முன்பே ஞானகுமாரி ஒரு மோதிரத்தைக் கழற்றித் தொலைத்ததால் அந்தக் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. தொலைத்தது என்றால் காணாமல் போக்கவில்லை. தினமும் கழற்றி மாட்டினாள், அவ்வளவுதான்.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் அவளுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. ட்ரில்லிங் மெஷினில் போட்டார்கள். பொம்பளைப் பிள்ளை தாங்குமா என்று முணுமுணுத்தவர்களெல்லாம் ஆறே மாதத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

எண்பத்தாறில் குமணன்சாவடி கிறிஸ்துராஜுக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளை துபாயில் ஏசி மெக்கானிக். ஒரே மாதிரி இரண்டு தங்க மோதிரம் வாங்கி வந்திருந்தான், அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. விரலில் இருக்கும்போது ஒரே முடிச்சு. கழற்றிக் குலுக்கினால் நாலு வளையமாகப் பிரிந்து, ஒன்றையொன்று கோத்தபடி சங்கிலியாய்த் தொங்கும். மறுபடி சேர்ப்பது லேசில்லை. கடைக்காரன் கதை வேறு சொல்லி அனுப்பியிருந்தான். துருக்கியில் அந்தக் காலத்தில் வெளியூர் போகிறவன் மனைவிக்கு இதைத்தான் போட்டுவிட்டுப் போவானாம். அவள் கழற்றினால் திரும்பி வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடுமாம். வெள்ளைக்காரர்கள் தேவலை. கோத்த மோதிரத்தைப் பிரித்து நிச்சயத்தன்று ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டு, கல்யாணத்தன்று சேர்ப்பார்களாம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஆரோக்கியம்மாளுக்குத் துருக்கிக் கதைதான் பிடித்தது. பிடிக்காதா பின்னே!

"நாலும் சேந்து கீற வரிக்கும் ஒம்மனசும் சேந்து கீதுன்னு அர்த்தம். கழட்டிராத பொண்ணே!" என்றாள்.

கிறிஸ்துராஜ் விமானம் ஏறினான். திங்கட்கிழமை சூப்பர்வைசர் குணசேகரன் அவள் கையைப் பார்த்துப் பதறிப்போனார். "மோதிரம் மெஷின்ல மாட்டுனா விரலோட போயிடும்மா. மொதல்ல கழட்டு!"

கழற்றினாள். அது நாலாய்ச் சரிந்தது. ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் உருட்டியும் சேரவில்லை. அழுதேவிட்டாள். ஒரு வாரத்தில் சூட்சுமம் பிடிபட்டது. இரண்டு மாதத்தில், சாயங்காலச் சங்கு ஊதி அடங்குவதற்குள் சேர்த்து விரலில் போட்டுவிடுவாள். காலையில் கழற்றுவதும் மாலையில் கோப்பதுமாக இரண்டு வருஷம் ஓடியது.

எண்பத்தெட்டில் அவன் வந்தான். இன்னாருக்கு இன்னாரோடு கல்யாணம், தடை உண்டா என்று மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று; மூன்றாவது மட்டும் பாக்கி. இரண்டாம் ஓலையன்று மாப்பிள்ளை வீட்டார் புடவையோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள்.

"இன்னா மருமவளே, ஒரு நாளாச்சும் கழட்டுனியா?" என்றாள் ஆரோக்கியம்மாள், அத்தனை பேர் முன்னால்.

ஒரு பொய் சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஞானகுமாரிக்கு வந்த கோபத்தில் பொய் வரவில்லை. "தினமும் கழட்டுறேன் அத்தை. மெஷின் வேலை."

ஆரோக்கியம்மாள் புடவையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மூணாவது ஓலைய வாசிக்க வேணாம்னு சாமியார்கிட்ட சொல்லிடு ராஜு."

அம்மாவோடு கிறிஸ்துராஜும் எழுந்தான். ஞானகுமாரி அவன் விரலைப் பார்த்தாள். மொட்டையாக இருந்தது.

"உங்க மோதிரம் எங்கங்க?"

வேர்த்துக் கொட்டியது அவனுக்கு. பர்ஸிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே நாலு வளையமும் சங்கிலியாய்க் கிடந்தன. "துபாய் போன மொத வாரமே குளிக்கச்சொல்லோ கழட்டுனேன். திரும்பச் சேக்கவே வரல. அத்தோட சரி."

ஆரோக்கியம்மாள் மெல்ல உட்கார்ந்தாள்.

ஞானகுமாரி அதை வாங்கி நாலு திருப்புத் திருப்பினாள். மோதிரம் சேர்ந்தது. எல்லோரும் ஆவென்று பார்த்தார்கள். அவன் அசட்டுச் சிரிப்போடு விரலை நீட்டினான். அவள் ஒரே குலுக்கில் மறுபடி பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"சனிக்கிழமைக்குள்ள நீங்களே சேர்த்துப் போட்டுக்கிட்டு வாங்க. அப்புறம் ஓலை வாசிக்கட்டும்."

சொல்லத்தான் சொல்லிவிட்டாள். அவன் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. வராமலே போய்விட்டால்?

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது கேட்டருகே நின்றிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. கையை நீட்டினான். மூன்று வளையம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. நாலாவது விலகித் துருத்திக்கொண்டு விரலில் கீறலே போட்டிருந்தது.

"ஆறு நாளா ஒக்காந்துகினு கீறேன் குமாரி. இது ஒண்ணு மட்டும் அடங்க மாட்டேங்குது."

ஒரு திருப்பில் அவளால் சரிசெய்திருக்க முடியும். செய்யவில்லை.

"இருக்கட்டும், இது நீங்க போட்டது," என்றாள். "நாளைக்குக் கோயிலுக்குச் சீக்கிரம் வந்துருங்க."