தட்டு மாற்றும் நேரத்தில் ஒரு நிசப்தம்

"கப்பல் கேன்சல்."

இதைக் கேட்காமல் அந்தமானில் யாருக்கும் தலை நரைப்பதில்லை. அதனால் போன வாரம் ஹட் பே கப்பல் ஜெட்டியில் இந்த அறிவிப்பைக் கேட்டபோது நான் அலட்டிக்கொள்ளவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பி நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கப்பலைப் பிடித்தால்தான் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறைமுகம். அங்கே இறங்கினால்தான் மறுநாள் ஃப்ளைட். ஃப்ளைட் ஏறினால்தான் சிவகங்கை. அங்கே என் தங்கை சரோஜாவின் மகள் பொன்னிக்கு நிச்சயதார்த்தம்!

நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வாயைத் திறந்து "சம்மதம்" என்று சொன்னால்தான் தட்டு மாறும். அதிலும் சரோஜாவுக்கு வீட்டுக்காரர் இல்லை. பெண் வீட்டுப் பக்கம் எழுந்து நின்று பேச நான் ஒருத்தன்தான். நானோ காற்றுக்கும் மழைக்கும் நடுவில், கட்டட வேலை பார்க்க வந்த தீவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஹெலிகாப்டரும் அந்தக் காற்றில் கிளம்புவதாக இல்லை.

சரோஜாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இப்பப் போய்த் தள்ளிப்போட்டா அவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள்.

அவள் பயம் எனக்குத் தெரியும். போன வருஷம் பொன்னிக்கு வேறொரு இடம் முடிவாகி, தட்டு மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் புதிதாக ஒரு சீர் கேட்டார்கள். பேசிக்கொண்டிருந்த கூடம் அப்படியே அடங்கிப் போனது. ஒரு டம்ளர் வைக்கிற சத்தம்கூட இல்லை. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அந்த நிசப்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சம்பந்தம் அதோடு முறிந்தது. அதற்கப்புறம் பொன்னி பல மாசம் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை.

"தள்ள வேண்டாம். நான் நெட்டுல பேசுறேன். என்கிட்டதான் சாமான் இருக்கே" என்றேன்.

சாமான் என்றால்... அது ஒரு தனிக் கதை. தீவு தீவாகச் சுற்றுகிறவன் நெட்டில் பேச எதை வாங்கலாம் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் எல்லாவற்றையும் வாங்கிச் சூடுபட்டவன். முதலில் காதுக்குள் செருகும் ஒயரில்லாத பட்ஸ். லாங் ஐலண்ட் ஜெட்டியில் குனிந்து பை எடுத்தபோது ஒன்று கடலுக்குள் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒற்றையை என்ன செய்வது? அடுத்து, காதை மூடும் பெரிய ஹெட்செட். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டால் காது வெந்துவிடும்.

மூன்றாவதாகத்தான் அந்த ஸ்பீக்கர் வந்தது. ஊறுகாய் டப்பா அளவு, உள்ளேயே மைக். கடைக்காரர் பெங்காலி. "பேச்சு மட்டும்தான் போகும் சார், ஷோர் பில்குல் நஹீ" என்று சத்தியம் செய்தார், இரைச்சல் துளியும் போகாதாம். டெக்கில் நின்று இன்ஜின் சத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே வீட்டுக்குப் பேசிப் பார்த்தேன். "நம்ம ஹால்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. கப்பல்லதான் இருக்கீங்களா, இல்ல வேற எங்கயாவதா?" என்று கேட்டாள் மனைவி. அப்படியொரு சுத்தம்! மறுநாளே வீட்டுக்கும் ஒன்று வாங்கிவிட்டேன். முன்கூட்டியே சிவகங்கை கிளம்பிய மனைவி அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டாள். தீர்க்கதரிசி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நிச்சயத்தன்று காலை, ஹட் பேயில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நாயுடு வீட்டில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்தேன். அவர் வீட்டில்தான் நல்ல வைஃபை. படத்தோடு பேசினால் அன்றைய லைன் தாங்கவில்லை. படத்தை அணைத்துவிட்டு வெறும் குரல். அங்கே கூடத்து நடுவில், வெற்றிலைப் பாக்கு பக்கத்தில், மனைவி டப்பாவை வைத்துவிட்டாள்.

எல்லாம் கணீரென்று கேட்டது. லக்னப் பத்திரிகை படித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தக்காரரே, உங்க வாயால சொல்லிருங்க. தட்டை மாத்திக்கலாமா?"

"எங்களுக்கு முழு சம்மதம்ங்க" என்றேன்.

அவ்வளவுதான்... அந்தப் பக்கம் நிசப்தம்.

"ஹலோ" என்றேன். பதில் இல்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். இல்லை, போனில் விநாடி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், பேச்சு இல்லை. எனக்குத் தெரிந்த அதே நிசப்தம். என்ன கேட்டிருப்பார்கள்? என் "சம்மதம்" காதில் விழவில்லையா? வராத தாய்மாமனுக்கு என்ன மரியாதை என்று எழுந்துவிட்டார்களா?

"க்யா ஹுவா?" என்ன ஆச்சு என்று கேட்டார் நாயுடு. எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு!

லைனைத் துண்டித்துவிட்டு மனைவிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. சரோஜாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. நான் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பியிருக்கலாம். நேரில் இருந்திருந்தால் கையைப் பிடித்தாவது பேசியிருப்பேன். பொன்னி முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. நாயுடு தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

அப்போது என் போன் அடித்தது. பொன்னி, அவளுடைய சொந்த போனிலிருந்து.

"மாமா, ஏன் கட் பண்ணீங்க? அத்தை டப்பாகிட்ட கத்திக்கிட்டு இருக்காங்க..."

அவள் பேச்சு சரியாகவே கேட்கவில்லை. ஏன் தெரியுமா? பின்னால் நாதஸ்வரமும் தவிலும் கூரையைப் பிய்க்கின்றன. அதற்கு மேலே பொம்பளைகள் போடுகிற குலவை. தட்டு மாறிவிட்டது! நான் சம்மதம் சொன்ன அந்த விநாடியே கெட்டிமேளம் கொட்டி, குலவை போட்டு, கூடமே அதிர்ந்திருக்கிறது. என் அருமை டப்பாவோ மேளம், குலவை, சிரிப்பு எல்லாவற்றையும் இரைச்சல் என்று முடிவு செய்து, சுத்தமாகத் துடைத்துவிட்டு, பேச்சு வரட்டும் என்று கம்மென்று காத்திருக்கிறது. மேளம் கொட்டும்போது யாரய்யா பேசுவார்கள்?

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் என்ன, நன்றாகவே அழுதேன். நாயுடு பயந்துபோய் என் தோளைப் பிடித்தார். "ஹோ கயா பாய், நிச்சயம் ஹோ கயா" என்று, முடிந்துவிட்டதை நான் சொன்னதும் உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். அந்தக் குலவையை இரண்டு பேரும் கடைசி வரை கேட்டோம்.

போர்ட் பிளேர் வந்ததும் கடைக்காரரிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும், டப்பாவின் அடியில் இருந்த ஒரு பட்டனைக் காட்டினார். அதை அமுக்கினால் எல்லாச் சத்தமும் அப்படியே அந்தப் பக்கம் கேட்குமாம்.

"வாங்கும்போதே சொல்லக் கூடாதா?"

"கல்யாண வீட்டுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்."

ஆகவே நண்பர்களே, பயணத்துக்கு அந்த டப்பாவைத் தாராளமாக வாங்குங்கள், நல்ல பொருள்தான். கப்பலில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் எது இரைச்சல் என்று முடிவு செய்கிற வேலையை மட்டும் அதனிடம் விட்டுவிடாதீர்கள். சந்தோஷமாக இருக்கிற வீட்டில் பேச்சா கேட்கும்? சத்தம்தான் கேட்கும்.

தை மாசம் கல்யாணம். ஒரு மாசம் முன்னாடியே போய் உட்காரப் போகிறேன். எந்தக் கருவியும் கொண்டு போவதாக இல்லை. என் காது இரண்டுமே போதும்.