கீழ்வீட்டு ரஷ்யாக்காரியின்ர ஊர்

கடவுள் அந்த மனுசியை எங்கை இருந்தாலும் நல்லா வைச்சிருக்கோணும்.

எண்பதுகளின்ர கடைசி. லண்டன் ஸ்ட்ரெதமில கவுன்சில் பிளாட்டில இருந்தம். எனக்கு பிஸ்கட் பக்டரியில பகல் ஷிப்ட் கிடைச்சிட்டுது; திங்கட்கிழமை போகாட்டி வேறை ஆளை எடுத்துப்போடுவினம். ரெண்டு வயசு மகளை ஆரிட்டை விடுறது? கீழ்வீட்டு ரஷ்யாக்காரி, அறுபது தாண்டினவ, தானாவே வந்து "நான் பாக்கிறன்" எண்டா. என்ர மனுசன் கோபத்தில துள்ளினார்.

"ஊர் பேர் தெரியாத ஆளிட்டைப் பிள்ளையை விடுறதோ? உமக்கென்ன விசரோ?"

எனக்கும் கோபம் வந்திட்டுது. ஊர்தானே தெரியோணும்? விசாரிச்சால் போச்சு! கலியாணம் பேசப் போற ஆக்கள் மாதிரிக் கீழ இறங்கிப் போய்க் கதவைத் தட்டினன்.

எந்த ஊர், ஆர் முதல் வந்து குடியிருந்தது, கோயில் எங்கை எண்டு என்ர அரைகுறை இங்கிலிஷில ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை. இப்ப நினைக்க வெக்கமாக் கிடக்கு. அவ கோபிக்கேல்லை. தேத்தண்ணி தந்து, மேசையில விரலால ஒரு ஆறு கீறிக் காட்டினா. ஆத்து வளைவில முதல் மீன்பிடிகாரரின்ர நாலைஞ்சு குடிசைதானாம். பிறகு ஒரு அரசன் மேட்டில மரக்கோட்டை கட்டினானாம். உப்பு ஏத்திவந்த தோணியள் அதடியில நிக்கத் துவங்கினாப் போலை சந்தை வந்துதாம், அதுக்குப் பிறகுதான் கோயிலாம்.

"நாங்கள் எண்டால் கோயிலைத்தான் முதல் கட்டுவம்" எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சா.

அவ சின்னப் பெட்டையா இருக்கேக்கை ஆத்தை மறிச்சு அணை கட்டினவையாம். பாதி ஊர் தண்ணிக்குக் கீழ போகப்போகுது. சனம் வீட்டு மரங்களைக் கழட்டி, இலக்கம் போட்டு, மேட்டில கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினவையாம். அவவின்ர தாய் அதுக்கு அஞ்சு வருசம் முதலே செத்துப்போனா. தகப்பனும் அவவும் குழியைத் தோண்டி, எலும்பை வெள்ளைத் துணியில சுத்தி, தோணியில ஏத்திப் புது இடத்தில தாட்டவையாம்.

மேல வந்து இவருக்கு ஒண்டும் விடாமல் சொன்னன். சந்தை வரைக்கும் "ம், ம்" எண்டுகொண்டு சேட்டு அயன் பண்ணினவர். தோணி எண்டவுடன கை நிண்டிட்டுது. அந்த வருசந்தான் ஊரில மாமி செத்தவ. அகதிக் கேஸ் முடியாததால இவருக்குப் போக ஏலேல்லை. பெத்த தாய்க்குக் கொள்ளி வைச்சது பக்கத்து வீட்டுக்காரர்.

அயன் பெட்டியை நிமித்தி வைச்சார். பிறகு, "தாயின்ர எலும்பையே விட்டிட்டு வராத மனுசி, எங்கடை பிள்ளையைப் பாத்துக்கொள்ளுவா" எண்டார்.

திங்கட்கிழமை விடிய மகளைத் தூக்கிக்கொண்டு கீழ போனது அவர்தான். பிள்ளையை அவவின்ர கையில குடுத்திட்டு, அந்தாள் ரெண்டு கையும் கூப்பிக் கும்பிட்டபடி நிண்டார்.