கடல்நத்தையைத் தேடிக் கல்குடாவுக்கு

காலை ஐந்து மணிக்கு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கிளம்பினோம், நானும் என் அக்கா ஞானமேரியும். பதுளையில் மட்டக்களப்பு பஸ். பசறை, லுணுகலை, பிபிலை என்று வளைந்து வளைந்து இறங்கியபோது நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். அக்காவோ வடை தின்றுகொண்டே வந்தாள்.

கடற்பஞ்சைத் தின்னும் ஓடில்லாத கடல்நத்தையைப் படம் பிடிக்க இது எனது மூன்றாம் பயணம். முதல் இரண்டிலும் வெறுங்கை. பட்டப்படிப்பின் கடைசி ஆய்வுக்கு அந்தப் படம் வேண்டும். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. துணைக்கு ஆளில்லை என்று நான் புலம்பியதும், கொழுந்து எடுக்கும் வேலைக்குக் கங்காணியிடம் லீவு சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டாள். அவள் கடலைப் பார்த்ததேயில்லை.

பகல் ஒன்றரை, கல்குடாக் கடற்கரை. பாறைகளுக்கிடையே முழங்கால் அளவு தண்ணீர். வழிகாட்ட வந்த மீனவர் ஒரு மணி நேரம் தேடிவிட்டுக் கையை விரித்தார்.

"இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்ல மகள்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அது என்னா கலருடி?" என்றாள் அக்கா.

"திங்கிற பஞ்சு என்ன கலரோ அதே கலரு. அதான் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது."

"அப்ப அத ஏன் தேடுற? கடிச்ச எடத்தத் தேடு. தேயிலையில புழு இருந்தா நாங்க புழுவையா மொதல்ல பாக்குறோம்?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். தேயிலை மலையில் செடி செடியாக நிரை பிடிப்பது போல ஒரு கல் விடாமல் பார்த்துக்கொண்டு போனாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்தா, தின்ன தடம்!"

செம்மஞ்சள் பஞ்சில் வெளிறிய ஒரு பள்ளம். அதன் ஓரத்தில், அதே செம்மஞ்சளில், பெருவிரல் நீளத்துக்கு அது மேய்ந்துகொண்டிருந்தது! நான் கேமராவைத் தூக்குவதற்குள் அக்காவின் இரண்டு விரல்கள் அதைக் கொழுந்து போலக் கிள்ள இறங்கிவிட்டன.

"ஐயோ, கிள்ளாத!"

நான் போட்ட சத்தத்தில் மீனவர் வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்தார்.

"கை தானா போகுது, நா என்னா செய்ய?"

பதினேழு படங்கள்! பைத்தியக்காரிகள் மாதிரி இருவரும் கட்டிக்கொண்டு கத்தினோம். மீனவரும் உட்கார்ந்தபடியே கைதட்டினார்.

மறுநாள் காலை திரும்பும் பஸ்ஸில் ஆய்வுப் படிவத்தை நிரப்பினேன். கண்டறிந்தவர் என்ற இடத்தில் 'ஞானமேரி, கொழுந்து எடுப்பவர்' என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"எம் பேரெல்லாம் எதுக்குடி?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லுணுகலை வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு என் தோளைத் தட்டினாள்.

"தோட்டத்துப் பேரையும் போடு. பெருசாப் போடு."