மலைக்குப் போகும் ட்ரக்கின் முதல் ஸ்டார்ட்

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் அஜின்கோர்ட் பகுதியில், பழைய எஞ்சின்களைப் பிரித்துத் திரும்பக் கட்டும் ஒரு கராஜில் வேலை செய்தேன். கொலிஜில் இயந்திரவியல் படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை. அங்கே ரெக்ஸ்டேலிலிருந்து ஓர் அண்ணை தன் பெற்றோல் ட்ரக்கைக் கொண்டுவந்தார். மேற்கே மலை நகரங்களில் இருக்கும் ஹோட்டல்களுக்கு மரக்கறி ஏற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்திருந்தது. இங்கே பார்த்த வேலையையும் விட்டாயிற்று. அந்த ஒரு ட்ரக்கை நம்பித்தான் குடும்பம் புறப்பட இருந்தது.

உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். சிலிண்டருக்குள் குறைவாகத்தான் போகும். அதனால் அதைக் கூடுதலாக அமுக்கலாம். இதை அஜக்ஸிலிருக்கும் மச்சான் அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்.

“தங்கச்சி, கொம்பிரஷனைப் பத்துக்குக் கூட்டச் சொல்லி மச்சான் சொல்லுறான்.”

“மலையில பத்து நல்லம் அண்ணை. மலைக்குப் பறந்தே போகப்போறியள்?”

வழியெல்லாம் தாழ்ந்த நிலம். அங்கே காற்று அடர்த்தி. சுமையோடு, சாதாரண பெற்றோலில், பத்து மடங்கு அமுக்கினால் பெற்றோல் தானாக வெடித்து எஞ்சின் தட்டும். ஒன்பதே கால் என்று முடிவு செய்தேன்.

அடுத்தது கம்ஷாஃப்ட், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. மச்சான் விரும்பியது ரேஸ் கார்களுக்குப் போடுவது. அது வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும். வேகமாக ஓடும்போது நல்லது. மெதுவாக மேடு ஏறும்போது அமுக்க வேண்டிய காற்று வந்த வழியே திரும்பிவிடும். நான் சீக்கிரம் மூடும் ஒன்றை எடுத்தேன்; எஞ்சின் மெதுவாக ஓடும்போதே அது பாரத்தை இழுக்கவைக்கும்.

“அவன்ர காரின்ர சத்தத்துக்கு ரோட்டே திரும்பிப் பாக்கும்,” என்றார் அண்ணை, கொஞ்சம் மனவருத்தத்தோடு.

“அங்க மான்தான் திரும்பிப் பாக்கும் அண்ணை.”

எஞ்சின் ட்ரக்கில் ஏறியபின் அவருடைய மனைவி வந்தார். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் ஸ்டார்ட் பண்ணி, சக்கரங்களின் கீழ் எலுமிச்சை, அதுதான் தேசிக்காய், வைத்து ஏற்றி, நிறுத்திவிட்டுக் கற்பூரம் காட்டுவது என்று நாள் பார்த்து வைத்திருந்தார். ஆனால் புதுக் கம்ஷாஃப்ட் முதல் தடவை ஓடும்போது இருபது நிமிடம் நிற்காமல், வேகமாக ஓட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் தெறித்து எல்லா இடமும் நனையும். உடனே நிறுத்தினாலோ மெதுவாக ஓடவிட்டாலோ அது தேய்ந்துபோகும்.

“வியாழக்கிழமையே ஓட்டிப்போட்டுப் பேசாம இரு,” என்றார் முதலாளி. சுலபமான வழிதான். ஆனால் அந்த அக்கா முதல் ஸ்டார்ட்டுக்காகத்தான் நாள் பார்த்திருந்தார். அவரிடமே சொன்னேன்.

அவர் சற்று யோசித்தார். “அப்ப கற்பூரத்தை முதல் காட்டுவம். ஸ்டார்ட் நல்ல நேரத்தில விழுந்தாச் சரி. நீர் அவசரப்படாம ஓட்டும். ஆனா தேசிக்காய் நசியிறது ராகுகாலத்துக்கு முந்தி இருக்கவேணும்.”

“பத்தரைக்கு முந்தி முடிப்பன் அக்கா.”

வெள்ளிக்கிழமை, கற்பூரம் அணைந்ததும் அண்ணை சாவியைத் திருப்பினார். உடனே பிடித்தது. அவர் வேகப் பெடலை ஒரே அளவில் மிதித்துக்கொண்டிருக்க, நான் எண்ணெய் அழுத்தத்தையும் சூட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மச்சானும் வந்திருந்தார். என் காதருகே குனிந்து, “உது தையல் மெஷின் மாதிரியெல்லோ இருக்கு,” என்று கத்தினார். நன்றி சொன்னேன்.

இருபது நிமிடம் முடிந்து நிறுத்தியதும் எண்ணெயை வடித்தேன். கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மினுமினுப்பு இல்லை, உலோகத் தூள் ஏதும் கழன்று வரவில்லை. புது எண்ணெய் ஊற்றினேன்.

“இன்னும் பத்து நிமிசம் கிடக்கு,” என்றார் அக்கா.

அண்ணை கிளச்சை மெல்ல விட்டார். வேகப் பெடலைத் தொடவில்லை. பாரம் இழுக்கிறதா என்று பார்க்கப் பின்னால் அரிசி மூட்டைகள் ஏற்றியிருந்தும், ட்ரக் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தேசிக்காய்கள் மேல் ஏறி வெளியே போனது.