நடுவில் ஏறாத சிவப்பு

அட்டெண்டர் வேலையில் எல்லாம் சரியாக நடந்தால் பெயர் வாத்தியாருக்கு, கெட்டால் நமக்கு. அந்த வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஐம்பதுகளில் பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றின் உயிரியல் கூடத்தில் நான் தற்காலிகம்.

எறும்பு வந்த பாடம்

உயிரணு ஏன் பலாப்பழம் அளவு வளர்வதில்லை என்று காட்ட லெக்சரருக்குக் கடல்பாசிக் கட்டி வேண்டுமாம். எங்கள் வீட்டில் நோன்புக்குக் காய்ச்சி உறையவைப்பதுதான். மனைவியிடம் கேட்டேன், எதற்கென்று சொல்லவில்லை. தேங்காய்ப்பால், சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் போட்டுவிட்டாள். மேசை முழுக்க எறும்பு. லெக்சரர் ஒரு துண்டை வாயில் போட்டார்.

"ராவுத்தரே, பாடம் கெடக்குதுங்க, இன்னொரு துண்டு இருக்குங்களா?"

ஒத்திகை

அடுத்து வெறும் தண்ணீரில் காய்ச்சினாள். கடலை, சுண்டைக்காய், நெல்லிக்காய் அளவில் மூன்று கட்டி வெட்டினேன். சார் சொன்னபடி சிவப்பு மையில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். தனியாக அறுத்துப் பார்த்தேன். கடலை முழுக்கச் சிவப்பு. நெல்லிக்காய்க்கு ஓரம்தான், நடு வெள்ளை. வேலை அரைகுறை என்று எனக்கு மானம் போயிற்று. கெமிஸ்ட்ரி அட்டெண்டர் எட்டிப் பார்த்தான்.

"இப்படிச் சாயம் ஏறுன சேலைய உங்க ஊட்டுல கட்டுவாங்களா பாய்? நல்லா ஊறப் போடு."

வந்தவர்

பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. அன்று கோளாறு இல்லாவிட்டால் நிரந்தரம், இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். புதிதாக மூன்று கட்டி வெட்டினேன். பெரியதை மட்டும் இரண்டு நாள் முன்பே மையில் போட்டேன்.

"உயிரணு பெரிதாகப் பெரிதாக உள்ளே இருக்கிறது வேகமாகக் கூடும், மேல்தோல் அந்த அளவுக்குக் கூடாது. சோறும் காற்றும் தோல் வழியாகத்தான் போகவேண்டும். நடுவுக்கு எட்டாது, பாருங்கள்" என்று, வந்தவரும் மாணவர்களும் பார்க்க, லெக்சரர் பெரிய கட்டியை அறுத்தார். நடுவரை நல்ல சிவப்பு. அவர் முகம்தான் வெளுத்தது.

"எட்டியிருக்கிறதே?" என்றார் வந்தவர்.

எனக்கு மறைக்கத் தெரியாது. "முந்தாநேத்தே போட்டேங்க. சின்னதுக்கு ஒரு மணி நேரம் போதும். பெருசு ஏறவே மாட்டேன்னுது."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"சோற்றுக்கு இரண்டு நாள் காத்திருந்தால் உயிரணு பிழைக்குமா? இவர் சொன்னதுதான் பாடம். பிரின்சிபால், இந்த ஆளை விட்டுடாதீங்க."

அப்பாடா என்று நிரந்தரமானவன், அன்று முதல் எதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறப்போட்டதில்லை, வீட்டில் உளுந்தைக்கூட.