வைஃபையில் தொலைந்த ‘ம்’

லேசர் மெஷினில் பெயர் செதுக்குகிறவர்களே, நம் தொழிலில் மரம் கருகுவதைவிட, ‘கனெக்‌ஷன் இல்லை’ என்று திரை காட்டுவதுதான் பெரிய தலைவலி, இல்லையா?

ஒரே வாய்

மட்டாஞ்சேரிக்குக் கல்யாணமாகி வந்த நான் பொழுதுபோக்குக்காக வாங்கிய மெஷின் இது. புகை இரண்டு வயது மகளுக்கும் ஆகாது, வீட்டுக்காரரின் லேப்டாப்புக்கும் ஆகாது. அதனால் மெஷின் மாடி அறையில், லேப்டாப் கீழே, நடுவில் வைஃபை. முதல் நாள் லேப்டாப்பில் மெஷினின் சொந்த வைஃபையைப் பிடித்தேன். வீட்டு நெட் போய்விட்டது. நெட்டைப் பிடித்தால் மெஷின் காணாமல் போனது. மாலை வரை மாற்றி மாற்றிப் பார்த்துக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரர் வந்தார்.

“ரெண்டையும் ஒண்ணா ஊட்டினா எப்படி? லேப்டாப்புக்கு ஒரு வாய்தானே இருக்கு!”

பணி கிட்டும்

ஒருவழியாக மெஷினை வீட்டு வைஃபையிலேயே சேர்த்தேன். ஆனால் சோதனைப் பலகையில் பாதி ஓடி நின்றது. எர்ணாகுளத்தில் மெஷின் வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். “சேச்சி, வைஃபையில் விட்டால் பணி கிட்டும், கேட்டோ” என்றார் மலையாளிக் கடைக்காரர். கிராமத்துப் பள்ளியில் தமிழ் படித்த எனக்குப் பணி என்றால் வேலை, கிட்டும் என்றால் கிடைக்கும். ஆர்டர் குவியும் என்று வாழ்த்துகிறார் போல! “ரொம்ப சந்தோஷம்ணே” என்றேன். கடைக்காரர் திருப்பிக் கேட்டார்.

“சந்தோஷமோ?”

இடி

பக்கத்துப் பள்ளுருத்தியில் இருக்கும் செல்வி அக்காவுக்கு மறுநாள் காலை புது வீட்டில் பால் காய்ச்சு. வாசல் நிலைக்கு வாங்கியதில் மிஞ்சிய ஒரே ஒரு தேக்குத் துண்டைக் கொடுத்து, ‘மகிழ்ச்சி இல்லம்’ என்று செதுக்கச் சொல்லியிருந்தார். கீழே பட்டனை அழுத்திவிட்டு மாடிக்கு ஓடி, கண்ணாடி மாட்டிக்கொண்டு காவல் நின்றேன். எழுத்தெழுத்தாக அழகாக வந்தது. கடைசி ‘ம்’ மட்டும் பாக்கி. அப்போது ஓர் இடி. இடி இடித்தால் இந்த ஊரில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். கீழே வீட்டுக்காரரின் அம்மா வைஃபை பெட்டியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார். மெஷின் அப்படியே நின்றது.

பலகையில், ‘மகிழ்ச்சி இல்ல.’

புது வீட்டு வாசலுக்கு! வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, கடைக்காரர் வாழ்த்தியதையும் சொல்லிப் புலம்பினேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

“அடியே, இங்க ‘பணி கிட்டும்’னா வேலை வரும்னு இல்ல, வம்புல மாட்டுவேன்னு அர்த்தம்!”

கறுத்த எழுத்து

செல்வி அக்கா ஆட்டோ ஏறிவிட்டதாக மெசேஜ் வந்தது. மாடியில் மெஷின் விளக்கு இன்னும் எரிந்தது. நின்ற இடம் அதற்கு ஞாபகம் இருக்கும். பலகை நகர்ந்தால்தான் எல்லாம் போச்சு. லேப்டாப்பை மேலே தூக்கிவந்து, கேபிளைச் சொருகினேன். ‘ம்’ ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தேன். மங்கலாக விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பவரைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். எழுத்து சரியான இடத்தில்தான் விழுந்தது, ஆனால் அட்டக் கறுப்பாக. அதற்குள் அக்கா வந்துவிட்டார். பலகையை வாங்கி, அந்த ‘ம்’மை விரலால் தடவினார்.

“திருஷ்டிப் பொட்டு வேறயா? நானே சொல்ல மறந்துட்டேன் கண்ணு!”

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வயர்லெஸ் மெஷின் வயரில்தான் ஓடுகிறது.