மிளகாய்க்குப் பின்னால் அரைத்த மாவு

நீல மூடி போட்ட அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை நினைத்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. கீரமங்கலத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் அண்ணி அதில்தான் கஞ்சி மாவு போட்டு வைத்திருப்பார். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோதே அவர் டிகிரி முடித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு புதுக்கோட்டையில் பி.எட். படிக்க இடம் கிடைத்தது. அண்ணன் பெரிய மனது பண்ணிச் சரி என்றார். “காலைச் சாப்பாட்டுல ஒரு கொறை வந்துச்சு, அன்னைக்கோட காலேஜ நிப்பாட்டிரணும்.” அடடா, என்ன தாராளம்! வீட்டில் ஆறு பேர். அண்ணிக்கு பஸ் ஏழு மணிக்கு.

கடையில் விற்கும் மிக்ஸ் பாக்கெட்டெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஞாயிற்றுக்கிழமையானால் அண்ணி இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவார். ரேஷன் கோதுமை, கேழ்வரகு, பாசிப்பயறு, ஒரு கை வேர்க்கடலை என்று தனித்தனியாக வறுப்பார். சேர்த்துப் போட்டால் சின்னது கருகிவிடும், பெரியது பச்சையாகவே கிடக்கும். ரவையையும் தாளித்து வறுத்து ஆறவைத்து எடுத்துக்கொள்வார். காலையில் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் உப்புமா. இப்படி மிச்சம் பிடித்த நேரத்தில்தான் அவர் படிப்பே ஓடியது.

மாவு மில்லுக்குப் போவது மட்டும் என் வேலை. அப்போது நான் பிளஸ் டூ. ஒரு ஞாயிறு, “ஆத்தா, காலையிலயே போயிட்டு வந்துரு. மத்தியானத்துக்கு மேல மொளகா ஓட்டுவாங்க” என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் தோழி வீட்டில் டிவி பார்த்துவிட்டு, சாயங்காலம் போனேன். “பாப்பா, இப்பத்தான் மொளகா ஓடுச்சு. நாளைக்கு வா” என்று மில்காரரே சொன்னார். மறுபடி யார் நடப்பது? “பரவால்லண்ணே, அரைங்க” என்றேன். கொழுப்பு, வேறென்ன! வீட்டுக்கு வந்து நானே டப்பாவில் கொட்டி மூடிவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் கஞ்சியை ஒரு வாய் குடித்தார். புரையேறி, கண் சிவந்து, டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தார். “கண்ணு புஸ்தகத்துல இருந்தா அடுப்புல எப்புடி இருக்கும்?” என்று அம்மா எடுத்துக் கொடுத்தாள். அண்ணி மாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “மில்லுல ஏதோ...” என்று தொடங்கியவரை அண்ணன் பேசவே விடவில்லை. அண்ணி என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடப் பையில் எதையோ தேடினேன். ‘நான்தான்’ என்று சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அண்ணியின் காலேஜ் அன்றோடு நின்றது.

பிறகு அதே பஸ்ஸில் போய் நான் பி.எட். முடித்தேன். அண்ணி மாவில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் போனேன், வெட்கமில்லாமல். இப்போது கந்தர்வக்கோட்டைப் பக்கம் டீச்சர். அண்ணனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது; காலையில் அந்தக் கஞ்சிதான். “எங்க வீட்டுக்காரி மாவு மாதிரி வருமா?” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறார். போன மாதம் அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றைக்கு மிளகாய்க்குப் பின்னால் அரைக்கச் சொன்னது நான்தான் என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன். “அட, அது எந்தக் காலத்துக் கதை!” என்று அண்ணன் சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும்த்தா. நீ சொல்லிருவன்னுதான் அந்த வாரம் பூரா, ஏழு மணி பஸ் போற வரைக்கும், காலேஜ் சீலையக் கட்டிக்கிட்டு நின்னேன்.”